சாமான் அமையணும்

என் அக்காவின் கணவர் ஒரு சுத்தியலைத் தேர்ந்தெடுப்பதை உடனிருந்து பார்த்தவனுக்குப் பிறகு எந்தப் பெண் பார்க்கும் சடங்கும் அவசரக் காரியமாகத்தான் தோன்றும். மாசி வீதி இரும்புக் கடைக்குள் நுழைந்ததும் அவர் சுத்தியல் பக்கமே திரும்பமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து வைகையில் தண்ணீர் வந்ததா என்று விசாரிப்பார். சுத்தியலுக்குக் கூச்சம் தெளியட்டும் என்று விட்டுவைப்பதுபோல இருக்கும். பிறகு மெல்ல எடுப்பார். எந்த ஊர் எஃகு, கைப்பிடி என்ன மரம், தலைக்கும் பிடிக்கும் ஒத்துப்போகிறதா, இதனுடன் ஒரே பெட்டியில் வந்தவை எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கின்றன என்று எல்லாம் கேட்பார். வாசல் கல்லில் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வார். கடைக்காரர் அந்த நேரத்தில் தராசுத் தட்டைக்கூட அசைக்கமாட்டார்.

"அமையலை மாப்ள" என்பார் என்னிடம்.

சுத்தியல் பழையபடி ஆணியில் தொங்கும். நாங்கள் வீடு திரும்புவோம்.

மச்சான் வீட்டிலேயே ஒரு மோட்டார் கார் செய்யப்போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். அதற்குத்தான் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் என்றால் அவர் அகராதியில் கருவி. அரிசியும் பருப்பும் சாமானில் சேராது. அவை அக்காவின் பொறுப்பு. நான் அப்போது பி.ஏ. தேறி, ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்து, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கருவிப் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்வதுதான் என் பட்டத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த உபயோகம். அதுவே அதிகமோ என்று இப்போது படுகிறது.

கார் செய்யும் யோசனை அவருக்குக் காரின்மேல் இருந்த ஆசையால் வரவில்லை. ரோஷத்தால் வந்தது.

எங்கள் ஊர் மேலூரைத் தாண்டி உள்ளே. கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த அன்று நல்ல மழை. பஸ் மேலூருக்கு முன்பே படுத்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் வரப்புமேல் நடந்து, வழுக்கி, வயலில் இறங்கி, முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா செம்பில் தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"என்ன மாப்பிள்ளை, வர்ற வழியில நாத்து நட்டுட்டு வாரீகளா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. மச்சான் செம்பை வாங்கினார். காலைக் கழுவினார், இலையில் உட்கார்ந்தார், சாம்பாரைக் கடந்தார், ரசத்தைக் கடந்தார். மோர் ஊற்றும்போது நிமிர்ந்தார்.

"மாமா, இனிமே உங்க மகளோட இந்த வாசலுக்கு வந்தா, நானே என் கையால செஞ்ச மோட்டார்லதான் வருவேன். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வரலை."

அப்பாவும் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்தான். அவருக்கு மட்டும் ரோஷம் கிடையாதா?

"வாங்க மாப்பிள்ளை. ஆரத்தித் தட்டோட நிக்கிறேன். அதுவரைக்கும் நானும் உங்க வாசப்படி மிதிக்கலை."

மச்சான் 'சொந்த மோட்டார்' என்று சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம். அவருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதில் ஒரு துண்டை விற்றால் ஒரு பழைய கார் வந்திருக்கும். 'நானே என் கையால' என்றுவிட்டார். மூன்று சொல். அந்தச் சொற்களை மட்டும் அவர் தட்டிப் பார்க்காமல், காதில் வைத்துப் பார்க்காமல் எடுத்துவிட்டார்.

"அவுக 'நானே'ன்னு சொல்றப்பவே எனக்குப் புரையேறுச்சு தம்பி" என்று அக்கா பிற்பாடு சொன்னாள். "என்னைப் பாக்க வந்தப்பக்கூட அப்பிடித்தான். காப்பித் தட்டை வைக்கிறதுக்குள்ள சரின்னு தலைய ஆட்டிப்புட்டாக. ஆணியை அம்புட்டு நேரம் பாக்குறவுகன்னு அப்ப எனக்குத் தெரியுமா?"

ஆகவே அக்கா பிறந்த வீட்டுக்குப் போவதில்லை. குழந்தை இல்லை, இருந்திருந்தால் பிரசவத்துக்காவது போயிருப்பாள். தீபாவளி, பொங்கல் எதற்கும் இல்லை. அப்பாவும் வருவதில்லை. ஆனால் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊர் வண்டியில் அப்பா வருவார். வைகை மணலோரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வண்டி அவிழ்க்கும் ஒரு புளியமரம் இருந்தது. அக்கா கட்டுச்சோற்றோடு அங்கே போய் உட்காருவாள். அவர் வீடும் இல்லை, இவள் வீடும் இல்லை. ஆற்று மணலுக்கு வாசப்படி கிடையாது. வருஷத்துக்கு ஒரு பொழுது அப்பாவும் மகளும் அங்கே பேசிக்கொள்வார்கள். புறப்படும்போது அப்பா தவறாமல் கேட்பார்:

"காரு எம்புட்டு வந்திருக்கு?"

"சாமான் பாத்துக்கிட்டிருக்காகப்பா."

"நல்லாப் பாக்கட்டும்" என்பார் அப்பா. அதில் கேலி எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்கு 'மோட்டார் ரூம்' என்று பெயர். கார் செய்ய இரும்பை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு அதைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் வேண்டும். வைஸை முடுக்க மேஜை வேண்டும். மேஜை ஆடக்கூடாது. ஆடாத மேஜைக்கு என்ன மரம்? தேக்கா, வேங்கையா? இந்தக் கேள்வியோடு மரவாடிகளில் நாங்கள் இரண்டு கோடைகளைக் கழித்தோம். கடைசியில் மேஜை வந்தது. யானை ஏறினாலும் ஆடாது. வைஸ் இன்னும் அமையாததால் அக்கா அதன்மேல் வடகம் காயப்போட்டாள்.

மோட்டார் ரிப்பேர் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை நான் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தேன். தமிழில் சொல்லச் சொன்னார். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியம், வேலையைத் தொடங்குமுன் சரியான கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பது.

"நிறுத்து மாப்ள" என்றார். கண் பளபளத்தது. "வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்."

அந்தப் புத்தகத்தில் அதற்குமேல் நாங்கள் முன்னேறவில்லை.

அப்படியே ஒன்றிரண்டாகச் சாமான்கள் அமைந்தன. அரம், குறடு, திருப்புளி, ஸ்பானர்கள். சுவரில் அளவுவாரியாகத் தொங்கின. ஆயுத பூஜைக்கு அவற்றை இறக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார். பக்கத்து வீட்டில் சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிரர் பொரி கடலை வாங்கிக்கொள்ள வருவார். அவர் கை முழங்கைவரை எப்போதும் நீலமாக இருக்கும். சாமான்களைப் பார்ப்பார், தன் கையைப் பார்த்துக்கொள்வார், தன் வீட்டம்மாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லுவார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"என்ன சொன்னீங்க அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. உங்க மச்சான் சாமான்ல இருக்கிற ஒரே கறை, சாமி கும்பிட்ட குங்குமக் கறைன்னேன்."

மச்சானுக்கும் அது கேட்டது. கோபப்படவில்லை. "கறை படியறதா பெருசு? அமையணும்ல" என்றார்.

நடுவில் ஒருமுறை நிஜமாகவே கார் தொடங்கிவிடும் போலிருந்தது. ஒரு ஜமீன் வீட்டில் கிணற்றுக்குள் இறங்கிவிட்ட அமெரிக்கக் காரின் என்ஜின் பழைய இரும்பாக வந்திருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தேங்காய் உடைத்தோம். அக்கா வடகத்தை அள்ளிக்கொண்டு மேஜையைக் காலிசெய்து கொடுத்தாள். அவள் நடையில் அன்று ஒரு வேகம் இருந்தது. மனத்துக்குள் பாதித் தூரம் மேலூர் ரோட்டில் போய்விட்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மச்சான் ஒரு ஸ்பானரை எடுத்து முதல் நட்டில் வைத்தார். சேரவில்லை. அடுத்தது. லொடலொடவென்று ஆடியது. அதற்கடுத்தது நுழையவே இல்லை. சுவரில் இருந்த அத்தனையும் இறங்கின. அப்புறந்தான் தெரிந்தது, இங்கிலீஷ்காரன் நட்டுக்கு ஒரு கணக்கு, அமெரிக்காக்காரன் நட்டுக்கு வேறொரு கணக்கு. மச்சான் இத்தனை காலமும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை எல்லாம் இங்கிலாந்துச் சாமான்கள். என்ஜின் அமெரிக்காவில் பிறந்தது. சம்பந்தமே இல்லை.

நான் அவர் இடிந்துபோய் உட்காருவார் என்று எதிர்பார்த்து, ஆறுதலுக்கு நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது ஏமாற்றம் இல்லை. பரீட்சைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்டவனின் முகம்.

"அப்ப அமெரிக்கா சாமான் பாக்கணும் மாப்ள" என்றார். ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னார்.

அக்கா வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். உள்ளே போய், வடகத்தைக் கொண்டுவந்து, என்ஜினைச் சுற்றி மேஜைமேல் மறுபடி பரப்பினாள்.

நான் அவரைக் கேலி செய்ய யோக்கியதை உள்ளவன் அல்ல. ஒரு பெரிய நூல் எழுதுவதாக நானும் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு எந்த நிப்பு, எந்த மசி என்பதில் ஒரு முடிவுக்கு வந்தபோது தலை நரைத்திருந்தது. மோட்டார் ரூமில் அவர் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் சொந்தம் மட்டும் இல்லை.

யுத்தம் வந்தது. அமெரிக்க ஸ்பானர் இல்லை, பெட்ரோல் இல்லை. பஸ்களுக்கு முதுகில் கரியடுப்பைக் கட்டிவிட்டார்கள். ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரியைக் கொட்டி, விசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அந்தப் புகையில் என்ஜினை ஓட்டினார்கள்.

அந்தச் சித்திரையில் புளியமரத்தடியில் அப்பா இல்லை. ஊர் வண்டி வந்திருந்தது. பெரியப்பா மகன் மட்டும் இறங்கி வந்தான்.

"சித்தப்பா படுக்கையில இருக்காக. கஞ்சிதான் இறங்குது. ஒன்னியவே கேக்குறாக ஆத்தா" என்றான் அக்காவிடம்.

அக்கா கட்டுச்சோற்றைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மச்சானிடம் சொன்னாள். அவர் மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"மச்சான், வாடகைக் கார் வைப்போம். அக்காவைக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"அது நான் செஞ்சதா மாப்ள?"

"இப்ப அதா முக்கியம்?"

"எனக்கும் தெரியுதுய்யா" என்றார். "அந்த மனுசன் ஆரத்தித் தட்டோட நிக்கிறேன்னாருல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் இறங்க?"

ரோஷத்தைவிட வெட்கம் கெட்டியான சரக்கு என்று அன்று கண்டேன். வழியைக் கண்டுபிடித்தவள் அக்கா. வாசலில் நின்று பேசினாள். அந்த அறைக்குள் அவள் வடகத்தோடு மட்டுந்தான் நுழைவாள்.

"வாடகைக் காரு வரட்டும். அதுல ஒரு நட்டை நீங்க கழட்டி, திரும்ப மாட்டிருங்க. ஒங்க கை பட்டாச்சுல்ல? நீங்க செஞ்ச வண்டின்னு ஆயிரும். என்ன தம்பி, சட்டம் ஒத்துக்குமா?"

"தாராளமா ஒத்துக்கும்" என்றேன். குமாஸ்தாவாக நான் கொடுத்த அபிப்பிராயங்களில் துணிச்சலானது அது.

மச்சான் நிமிர்ந்தார். "ஒரே ஒரு நட்டா?" என்றார். "அது போதுமா?"

"போதும்" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் கார் வந்தது. பெட்ரோல் இல்லாக் காலத்துக் கார். அதன் முதுகிலும் கரியடுப்பு. ஏதோ ஒரு வெந்நீர்த் தவலை காரைத் துரத்திப் பிடித்துத் தொற்றிக்கொண்டது மாதிரி இருந்தது. டிரைவர் சிடுசிடுப்பான ஆள். "சீக்கிரம் ஏறுங்கய்யா, தணல் அவிஞ்சா மறுபடி நான்தான் சுத்தணும்" என்றார்.

அக்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். மச்சான் குனிந்து மட்கார்டு நட்டைப் பார்த்தார். விரலால் தடவினார். உள்ளே போனார். ஒரு ஸ்பானரோடு வந்தார். வைக்கும்முன் நிறுத்தி அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். வேறொன்றோடு வந்தார். நட்டு சிணுங்கியது போல ஒரு சத்தம்.

"பிடிக்குதுல்ல மச்சான், திருகுங்க" என்றேன்.

"முனை மழுங்கிரும் மாப்ள. இது வேற அளவு. இன்னொண்ணு இருக்கு, இந்தா வாரேன்."

"என்னாத்தைய்யா தேடுறாரு?" என்றார் டிரைவர். "என் டிக்கியில ஒரு ஸ்பானர் கெடக்கு, எடுத்துக்கச் சொல்லு."

"அது அவருக்கு அமையாது" என்றேன். வேறென்ன சொல்ல?

டிரைவர் போய் விசிறியைச் சுற்றினார். புகை தெருவை நிறைத்தது. சாயக்காரர் நீலக் கையோடு வெளியே வந்து நின்றார். உள்ளே சாமான்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். தணல் இரண்டாந்தரம் அவியப் பார்த்தபோது தலையை வெளியே நீட்டினாள்.

மச்சான் வாசலில் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு ஸ்பானர். எதை முதலில் வைப்பது என்று தெரியாமல் கை இரண்டும் பாதியில் நின்றன. அத்தனை வயசு மனிதர் அழுவதற்கு முன்னால் முகம் அப்படித்தான் ஆகும் போல.

"நீங்க மெதுவாப் பாருங்க" என்றாள் அக்கா. திட்டவில்லை, சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லும் குரல். "நான் போயிட்டு வாரேன். வண்டியை எடுங்கண்ணே." நான் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஊருக்குள் கார் நுழைந்ததும் வாசலில் கூட்டம். ஹாரன் சத்தம் கேட்டு அப்பா கயிற்றுக்கட்டிலோடு தன்னை வெளியே தூக்கச் சொல்லியிருக்கிறார். எலும்பும் கண்ணுமாக இருந்தார். அக்கா இறங்கி அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்தார்; பிறகு அவளுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இதுவாம்மா?"

அக்கா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "இதுதாம்ப்பா."

டிரைவர் வாயைத் திறந்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கட்டிலைக் காருக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார் அப்பா. மட்கார்டைத் தடவினார். கதவைத் தட்டினார். முதுகிலிருந்த பீப்பாயைக் கண்டதும் கை நின்றது.

"இது என்னாத்தா?"

"கரியில ஓடுதுப்பா. அவுக யோசனை."

அப்பா அந்தக் கோணல் பீப்பாயையும், அதைக் காரோடு பிணைத்திருந்த கம்பிகளையும், ஒட்டுப்போட்ட தகரத்தையும் நிதானமாகப் பார்த்தார். வீட்டில் செய்ததல்ல என்று யாரும் சந்தேகப்பட முடியாத பொருள் அது.

"கையாலதான் செஞ்சிருக்காரு" என்றார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாருய்யா மனுசன். அவரு எங்க?"

"இன்னொரு சாமான் பாக்க வேண்டியிருக்கு. பின்னால வாராக."

"ஆரத்தி எடுங்கடி" என்றார் அப்பா. எடுத்தார்கள். டிரைவர் நெற்றியிலும் பொட்டு வைத்தார்கள். அக்கா அங்கேயே தங்கினாள்.

அடுத்த மாதம் அப்பா போய்விட்டார். மச்சான் கரி பஸ்ஸில் வந்து, மேலூரிலிருந்து நடந்து சேர்ந்தார். இம்முறை வயலில் சேறு இல்லை, புழுதிதான். பந்தலில் அவர் நுழைந்ததும் பெரியப்பா மகன் எழுந்து வந்தான்.

"வாங்க மச்சான். காரு எங்க?"

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பந்தல் காலைப் பார்த்தேன். பெண்கள் நடுவில் அக்கா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். பெண் பார்த்த அன்று தலையை ஆட்டியதற்கும் மறுவீட்டில் 'நானே' என்றதற்கும் பிறகு, அந்த மனிதர் யோசிக்காமல் ஒன்றை எடுத்தது அப்போதுதான்.

"ரிப்பேரு மாப்ள" என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. ரிப்பேராக இருந்தது. அக்கா நினைத்தபோது பஸ் ஏறி ஊருக்குப் போய்வந்தாள். கார் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சொல் இருந்தது. அப்பாதான் இல்லை.

மச்சான் மறுபடி இரும்புக் கடைக்குக் கிளம்பினார். "செய்யறதுக்கு வேற சாமான், ரிப்பேருக்கு வேற சாமான் மாப்ள" என்றார். நானும் போனேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பின்கட்டு முற்றத்தைப் பெருக்கி, வெறுந்தரையில் நீளவாக்கில் நான்கு மூலைக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி வைத்திருப்பவர்கள் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்குவார்களே, அதுபோல. வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. ஊருக்குப் புறப்பட்டு மூட்டையோடு நின்ற அக்கா என் முதுகில் மெல்லத் தள்ளினாள்.

"போ தம்பி."

நான் போனேன். பி.ஏ. படித்தவன், வக்கீல் குமாஸ்தா, பெரிய நூல் ஒன்றின் வருங்கால ஆசிரியன். முன்சக்கரத்துப் பழங்கள் இரண்டையும் முதலில் மிதித்தேன். பின்சக்கரங்களுக்காக நடந்தபோது மச்சான் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"மெதுவா மாப்ள, மெதுவா. ரிப்பேரான வண்டி."